கல்லடி மணல்மேட்டில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் கல்லடி முதல் நாவலடி வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடப்பது மணல்தான். அங்கே காணி வாங்கியதும் பெக்கோ இயந்திரம் விட்டு மணல்மேட்டைத் தட்டுகிறார்கள். அடம்பன் கொடி, இராவணன் மீசைப் புல் எல்லாம் வழித்தெறியப்படுகின்றன. அந்த மேடு அலைக்கு மறிப்பு. அயலிலுள்ள கிணறுகளுக்கு ஊற்றும் அதுதான்.

மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மட்டம் அரையடி இறங்கி அப்படியே நின்றால், உப்பு 20 அடி மேலேறப் பார்க்கும். ஆழக் குழாய்க் கிணறும் பெரிய மோட்டரும் போட்ட வீடுகளில் கச்சான் காற்று வீசும் கோடையில் தண்ணீர் கரிப்பது இதனால்தான். இந்த மண்ணுக்கு அகலமான, ஆழம் குறைந்த வளையக் கிணறே ஏற்றது. சிறிய மோட்டரால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். 2004 சுனாமியில் உப்பேறிய கிணறுகளை ஓயாமல் இறைத்த இடங்களில், அடியிலிருந்த உப்பே மேலே வந்தது. கடைசியில் கழுவியது மாரி மழைதான்.

இதைவிடக் கவலையானது மலக்குழி. அடி திறந்த வளையங்களை இறக்கி மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. கோடையில் வெட்டும்போது குழி காய்ந்திருக்கும். மார்கழியில் நீர்மட்டம் ஏறியதும் குழியின் அடி தண்ணீருக்குள் நிற்கும். பருமணல் கிருமிகளைச் சரிவர வடிகட்டி நிறுத்தாது. ஆகவே அடி பூசிய, இரண்டு அறையுள்ள தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் நீரை ஆழம் குறைந்த ஊறுகுழிக்கு விடுங்கள். ஊறுகுழியின் அடி, மாரிகால நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பார்கள். 10 பேர்ச் காணி 2,722 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கம் 52 அடிதான். உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும், மதிலுக்கு அப்பால் அயல்வீட்டுக் குழி உங்கள் கிணற்றை ஒட்டியே இருக்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மலக்குழியிலிருந்து கசிந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதே என்று பழைய கிணற்றில் குப்பை கொட்டுவதும், அதையே மலக்குழியாக்குவதும் அயலார் எல்லோரையும் பாதிக்கும். முற்றம் முழுக்கக் கல் பதிக்காமல் மணலை விட்டுவையுங்கள். கூரைப் பீலி நீரைத் தெருவுக்கு விடாமல் காணிக்குள்ளேயே, மலக்குழியிலிருந்து தள்ளி ஒரு குழியில் இறக்குங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லீற்றர் கிடைக்கும்.

மாநகர சபைக்கு ஒரு வேண்டுகோள். கட்டட வரைபடத்தில் சொந்தக் கிணறும் குழியும் மட்டுமன்றி, நாலு பக்கத்து அயல்வீடுகளின் கிணறும் குழியும் அளவோடு குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அனுமதி தாருங்கள். வளையம் இறக்கும் நாளில், மண் மூடும் முன், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குழியின் அடியைப் பார்க்கட்டும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.