கிறுக்கி மறைத்த பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களை நேசித்த பெண்களின் வரலாறு பற்றிய கட்டுரையில் ஆன் லிஸ்டருக்கு இன்னும் நாலு வரி தந்திருக்கலாம். 1791-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாட்குறிப்பில் காதல் சங்கதிகளைக் கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்த சங்கேத எழுத்தில் எழுதினார். 1834-இல் யார்க் நகரத் தேவாலயத்தில் தன் காதலி ஆன் வாக்கரோடு நற்கருணை வாங்கி, அதையே திருமணமாக எண்ணிக்கொண்டார்.

பதினேழு வயதில் நானும் டைரியில் ஒரு தோழியின் பெயரை எழுதி, பேனாவால் கிறுக்கி மறைத்தேன். இப்படி வேறு யாருமே இல்லை என்று நினைத்த காலம். முப்பதைத் தாண்டித்தான் லிஸ்டரைப் படித்தேன். பணக்கார நிலவுடைமைக்காரர், அவரை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தொலைந்துபோன சொந்தம் ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. அந்தப் பழைய பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிறுக்கலுக்கு அடியில் பெயர் இன்னும் தெரிகிறது.

– ஒரு வாசகி