"இது என்ன மீன்?": மலை ஓடைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். களனி கங்கையில் சேரும் மலை ஓடைகளில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் அதைத் தடைசெய்திருப்பதையும் நான் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் ஒரு விடியற்காலை, யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஓடைக்குப் போன அம்மா, மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டார். தம்பி நான்கு மீன்களை ஜாம் போத்தலில் ஓடைத் தண்ணீரோடு போட்டு, முதல் பஸ்ஸில் புறக்கோட்டைக்குக் கொண்டுவந்தான். நான் அரைநாள் லீவு போட்டு அவனோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேசை மாறினோம். கடைசி மேசையில் கேட்டார்கள்: "இது என்ன மீன்?"

உயிரோடு இருக்கையில் உடம்பில் கறுப்புப் பட்டைகள். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனின் தலை சிவந்துவிடும். ஆனால் போத்தலில் இருந்தவை பஸ் பயணத்துக்குள்ளேயே சாம்பல் நிறமாகிவிட்டன. இனம் தெரியாமல் முறைப்பாடு எழுத முடியாது என்றார்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் தம்பி அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு படங்களைப் பார்த்தேன். சிங்களத்தில் 'புலத் ஹப்பயா', அதாவது வெற்றிலை மென்றவன், என்று சொல்லும் மீன் என்றே நினைக்கிறேன். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக இல்லாத இனம் அது. உறுதியாகச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். வந்து ஓடையில் இறங்கிப் பாருங்கள்.

1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போடுவதற்காக ட்ரவுட் மீன்களைக் கடல் கடந்து கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள். வானவில் ட்ரவுட் இன்றும் ஹோட்டன் சமவெளியில் இருக்கிறது. அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறாலுக்கு அது ஆபத்து. அந்த மீனுக்கு அவ்வளவு பாடுபட்டார்கள். எங்கள் ஓடையில் என்னென்ன மீன் இருக்கிறது என்று ஒருவராவது வந்து பார்த்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. தோட்டத்துக்கு வீதி, தபால், காணி எதைக் கேட்டாலும் இதே கதிதான். மன்னியுங்கள், கேட்க வந்தது அதை அல்ல.

எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே, கலபிட்டமடையில் ஒரு சிற்றோடையில் வாழும் பந்துல பெத்தியா என்ற சிறு மீன் 1991இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பெயர் கிடைத்த பிறகுதான் அதைக் காக்கும் முயற்சியும் தொடங்க முடிந்தது. அதையே எங்கள் ஓடைக்கும் கேட்கிறேன்: வந்து பாருங்கள், இனங்களைப் பதியுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் பெயரும் படமும் உள்ள ஒரு பலகை வையுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலும் எழுத விடுங்கள். மீனின் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலையை முறையிட வருபவர் தலையில் கட்டாதீர்கள். அந்த ஓடை களனியில் கலந்து வந்துதான் அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிநீராகிறது.

தம்பி வழி காட்டுவான். மழை பிடித்துத் தண்ணீர் கலங்குவதற்கு முன் வந்தால் நல்லது. மிஞ்சிய மீன்கள் பாலத்துக்கு மேலே, நிழல் விழும் குட்டையில் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை உயிரோடு வந்து பாருங்கள்.

பணிவுடன்,
கொழும்பில் வேலை செய்யும் ஒரு தோட்டத்து மகள்