கோடு போட்ட நோட்டும் தண்ணீரில்தான் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்துகொள்ள வேண்டியவை என்று தாங்கள் வெளியிட்ட பட்டியலைப் படித்தேன். மெழுகுவர்த்தி, டார்ச் லைட், பாலித்தீன் உறையில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டரில் கிடக்கும் பதிவேடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடலூரில் சிறு அலுவலகங்களுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் 18 ஆண்டுகளாகச் சர்வர் பராமரித்து வருபவள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றுக்குத் தப்பியவர்களைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. ஆற்றை ஒட்டிய ஒரு பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் வடிந்த பிறகுதான் என்னை அழைத்தார்கள். பதிவேடுகளைச் சேமித்து வைக்கும் அவர்களுடைய ஸ்டோரேஜ் பெட்டி மேஜைக்குக் கீழே, தரையில் இருந்தது. மூடியைக் கழற்றினால் மின்விசிறியின் இறக்கைகளில் வண்டல். நான்கு ஹார்டு டிஸ்க்குகளின் இணைப்புப் பின்களுக்கிடையிலும் அதே வண்டல். ஒன்றும் சுழலவில்லை. “முப்பது நாள் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே மேடம், தினமும் பச்சை டிக் வந்ததே” என்றார் உரிமையாளர். அந்த முப்பதும் அதே பெட்டிக்குள்தான் இருந்தன. இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்னாப்ஷாட் என்பது, ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையை அதே பெட்டியில் குறித்து வைப்பது; தனி நகல் அல்ல. கணக்கு நோட்டில் இரவு ஒரு கோடு போட்டு, ‘இதற்கு மேலே உள்ளதை அடிக்காதே, திருத்தம் இருந்தால் புதிய பக்கத்தில் எழுது’ என்று சொல்வது போன்றது. அதனால்தான் எடுக்க ஒரு நொடி போதுகிறது. இடமும் முதலில் ஏறக்குறைய பிடிப்பதில்லை. பழைய பக்கங்கள் சேரச் சேரத்தான் இடம் நிறைகிறது. தவறி அழித்த ஃபைலை மீட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டே நனைந்துவிட்டால் கோடு எங்கே இருக்கும்?

பச்சை டிக்கைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பொறுப்பில் இருப்பவர் யாராவது ஒருவர் கட்டளைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். நான் வைத்திருக்கும், இசட்.எஃப்.எஸ். (ZFS) என்ற சேமிப்பு மென்பொருள் ஓடும் பெட்டிகளில், கருப்புத் திரையில் ஒரே வரி தட்டினால் எந்த வால்யூமில் (ஃபைல்களை வைக்கும் பகுதியில்) எத்தனை ஸ்னாப்ஷாட், ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வரிசையாக வந்துவிடும். ஆனால் அந்தத் திரை பல நேரங்களில் ‘நிச்சயமா?’ என்று கேட்பதில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு கூடத்தில் ஒரே ஒரு ஃபைலை மீட்பதற்காக, முந்தைய இரவு ஸ்னாப்ஷாட்டுக்கு ‘ரோல்பேக்’, அதாவது பழைய நிலைக்கே திருப்பும் கட்டளை, கொடுத்தேன். இடையில் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் அது மறுத்தது. இடையில் உள்ளவற்றை அழித்துவிட்டுத் திரும்பு என்று சொல்லும் ‘-ஆர்’ (-r) என்பதை அவசரத்தில் சேர்த்துத் தட்டினேன். வால்யூம் முழுவதும் முந்தைய இரவுக்குத் திரும்பியது. காலையில் பதிந்த 63 பேரின் முடிவுகளோடு அந்த மணிநேர ஸ்னாப்ஷாட்டுகளும் அழிந்தன. காகிதச் சீட்டுகளைப் பார்த்து இரவு பதினொரு மணி வரை நானும் அங்கிருந்த இரு பெண்களும் திரும்பப் பதிந்தோம். வால்யூமுக்குள் மறைவாக இருக்கும் ஸ்னாப்ஷாட் ஃபோல்டரைத் திறந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்து வந்திருந்தால் போதும். இன்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

இன்னொன்று, ஸ்னாப்ஷாட்டை ஊரைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். ‘செண்ட்’, ‘ரிசீவ்’ என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. முதல் முறை முழுவதும் போக வேண்டும்; அதற்கு இன்டர்நெட்டை நம்பாமல், டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து விருத்தாசலம் வழியாகப் பஸ்ஸிலேயே திருச்சிக்குக் கொண்டுபோனேன். அதன் பிறகு இரவு இரண்டு மணிக்கு, அன்று மாறியது மட்டும் தானாகவே போகிறது. பெரும்பாலான நாட்களில் சில நிமிட வேலை. திருச்சியில் தேவைப்படுவது பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இரண்டு டிஸ்க்குகளும்தான். சர்வரின் பாஸ்வேர்டைத் திருடியவன் உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகளை எல்லாம் அழித்தாலும் அங்கே இருப்பது தப்ப வேண்டும் என்பதால், அந்த கம்ப்யூட்டருக்கு வேறு பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன்.

தங்கள் பட்டியலில் இரண்டு வரிகள் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டோரேஜ் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மேலே வையுங்கள் என்பது ஒன்று. வெளியூரில் இருக்கும் பிரதியிலிருந்து பழைய நோயாளி ஒருவரின் அறிக்கையை அக்டோபருக்குள் ஒருமுறை திறந்து பாருங்கள் என்பது மற்றொன்று. தண்ணீர் புகுந்த அந்தக் கூடத்தில், சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக ரத்தம் கொடுத்துவந்த ஒரு பெரியவர் தன் பழைய அளவுகளைக் கேட்டு மூன்று முறை வந்து திரும்பிப் போனார்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.