மாத்திரையை விடாதே

அன்புள்ள சேகர்,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. இதயக் குழாய் அடைப்பை விரிக்க உனக்கு ஸ்டென்ட் என்ற கம்பி வலைக் குழாய் வைத்து மூன்று மாதம் ஆகிறது. நேரில் வந்து பார்க்காதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று திட்டுவாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரையில் ஒன்றை விட்டுவிட்டேன்" என்றாய். சொல்லிவிட்டுப் பெரியவனின் கல்யாணப் பேச்சுக்குத் தாவிவிட்டாய். அதன் பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் விழவில்லை.

இருபது வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் என்டோதீலியம் செல்களை வளர்த்துப் பார்க்கிறேன். உடம்பில் உள்ள எல்லா ரத்தக்குழாய்க்கும் உள்பூச்சு அதுதான். தடிமன் ஒரே ஒரு செல். தொப்புள்கொடியிலிருந்து பிரித்தெடுத்து 37 டிகிரியில் வைப்போம். அசையாத திரவத்தில் கூழாங்கல் பாவிய மாதிரி கிடக்கும். திரவத்தை ஒரே திசையில் ஓடவிட்டால், ஒரு நாளில் எல்லாம் நீண்டு, ஓட்டத்தின் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை, சேகர். குழாய் கிளை பிரியும் இடத்தில் ஓட்டம் சுழன்று குழம்பும், அங்கே இந்த ஒழுங்கு வராது. கொழுப்பு முதலில் படிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ரொம்ப நாள் இதைச் சும்மா ஒரு பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள். ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டால் அது சுருங்கும். பல வருஷம் அப்படித்தான். ஒரு நாள் விரிந்தது! தேடிப் பார்த்தால், முன்பெல்லாம் துண்டைத் தயார்செய்யும்போதே உட்பக்கம் உராய்ந்து அந்தச் செல்கள் போயிருந்தன. 1980-இல் அதை வெளியிட்டார். குழாயை விரியச் சொல்லி அவை அனுப்பும் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்பது பிறகு தெரிந்தது. 1998-இல் நோபல் பரிசும் வந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைச் சுவரில் ஒட்டவிடாமல் வைப்பதிலும் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்குண்டு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பலூனை ஊதி ஸ்டென்டை அழுத்தும்போது அந்த இடத்துச் செல்கள் உரிந்துபோகும். கம்பி வெறும் உலோகமாக ரத்தத்தில் நிற்கும். பக்கத்துச் செல்கள் ஊர்ந்து வந்து மூட வேண்டும். குழாய் திரும்ப அடைக்காமலிருக்க ஸ்டென்டில் பூசிய மருந்து இவற்றையும் தாமதப்படுத்தும். போன வாரம் இந்தச் செல்கள் வளரும் இரண்டு தட்டில் பைப்பெட் முனையால் ஆளுக்கொரு கோடு கீறினேன். மறுநாள் ஒன்றில் ஓரத்துச் செல்கள் காலியிடத்துக்குள் நீண்டு வந்திருந்தன. அந்த மருந்து கலந்த தட்டில் கீறல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. உன்னை நினைத்துக்கொண்டே மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்தேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அந்தக் கம்பி மூடும்வரை உனக்குக் காவல் மாத்திரைதான். நடுவில் விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டித் திடீரென அடைத்துக்கொள்ளலாம். நெஞ்சு வலிக்கவில்லை என்பதை வைத்து மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. உள்ளே நடப்பது உனக்குத் தெரியாது. எத்தனை மாதம் என்பதை உன் டாக்டர் சொல்லட்டும், நீ தீர்மானிக்காதே. கண்ணை மூடிக்கொண்டு இதைத் தாண்டிவிட முடியாதுடா.

மொட்டைமாடி சிகரெட் பற்றி வசந்தா சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. புகை இந்தச் செல்களையும் கெடுக்கும். உன்னோடு சேர்ந்து ஊதிய நாட்களில் எனக்கும் அது தெரியாது. தெரிந்த பிறகு நான் விட்டேன், உன்னிடம் சொல்லாமல் விட்டேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

கடிதம் கிடைத்ததும் டாக்டருக்குப் போன் செய்து, எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்று மறைக்காமல் சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாத்திரை அட்டையை எடுத்து வை, நான் எண்ணிப் பார்ப்பேன்.

உன்,
ரகு