நான்கு நொடி அசையாமல் நில்

ஏற்காடு,
மார்கழி 12

அன்புள்ள கயலுக்கு,

நார்வேயின் டிரோம்சோவிலிருந்து நீ அனுப்பிய துருவ ஒளிப் படங்கள் பதினொன்றையும் அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்கு எல்லாமே பிடித்தன. எனக்கு இரண்டுதான் பிடித்தன. மற்ற ஒன்பதிலும் வானம் கோயில் குளத்துப் பாசியைப் போல ஒரே பச்சையாகக் கிடந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தியவனுக்கு, மகள் எடுத்த படம் என்பதற்காகப் பொய்யாகப் பாராட்ட வாய் வரவில்லை, கண்ணு.

குறை உன் பார்வையில் இல்லை, ஷட்டரில் இருக்கிறது. எல்லாவற்றையும் 20 நொடி திறந்து வைத்து எடுத்திருக்கிறாய். ஒளி மங்கலாக, நகராமல் நிற்கும் இரவில் அது பொருந்தும். ஆனால் காற்றில் ஆடும் திரைச்சீலையைப் போல அது மடிந்து மடிந்து ஓடத் தொடங்கிவிட்டால், அந்த 20 நொடிக்குள் ஒவ்வொரு மடிப்பும் பல இடங்களுக்கு நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, கடைசியில் பாசிதான் மிஞ்சும். அப்போது ஷட்டரை 2 முதல் 4 நொடிக்குக் குறைத்து, லென்ஸின் துவாரமான அபர்ச்சரை 2.8க்குத் திறந்து, ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை ஏற்றிக்கொள். பழைய பிலிமில் கிரெயின், அதாவது மணல்மணலான புள்ளிகள், தெரிவது போலக் கொஞ்சம் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குப் பிடித்த இரண்டிலும் பச்சைக்கு மேலே சிவப்பு விளிம்பு இருந்தது. இரண்டு நிறங்களுமே ஆக்சிஜன் அணு தருபவைதான். சூரியனிலிருந்து கிளம்பும் துகள்களின் வேகத்தால் மேலே கிளர்ச்சியடையும் அணு, பச்சை ஒளியை ஒரு நொடிக்குள் உமிழ்ந்துவிடுகிறது; சிவப்பை உமிழ ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் இன்னொரு அணுவோ மூலக்கூறோ மோதினால் ஆற்றல் போய்விடும் என்பதால், காற்று மிகவும் மெலிந்த 200 கிலோமீட்டருக்கு மேல்தான் சிவப்பு பிழைக்கிறது. டெவலப்பர் தட்டில் தாளை இரண்டு நிமிடம் கிடத்தி, முகம் துலங்கக் காத்திருந்த என் இருட்டறைதான் நினைவுக்கு வந்தது. இந்த உயரங்களைத் துல்லியமாகக் கணக்கிட உதவியதும் புகைப்படமே: உன் ஊருக்குக் கிழக்கே உள்ள போசெகோப்பில் 1910இல் நார்வே விஞ்ஞானி கார்ல் ஸ்டோர்மர் இரண்டு இடங்களில் கேமராக்களை நிறுத்தி, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் படமெடுக்க வைத்து, நட்சத்திரப் பின்னணியில் ஒளி எவ்வளவு விலகித் தெரிகிறது என்று பார்த்து உயரத்தைக் கண்டார்.

போகஸை எப்போதும் கையாலேயே வை. இங்கே மொட்டைமாடியில் நின்றால் துருவ நட்சத்திரம் சில்வர் ஓக் மரங்களின் தலைக்குச் சற்று மேலே, சுமார் 12 பாகை உயரத்தில், பனிமூட்டத்துக்குள் ஒளிந்து விளையாடும். உனக்கு அது 70 பாகை உயரத்தில், கழுத்து வலிக்கப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அதையோ வேறு பிரகாசமான நட்சத்திரத்தையோ திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும் வரை வளையத்தைத் திருப்பி, ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடு. உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள். குளிரில் அது சீக்கிரம் மடங்கிவிடும்.

வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிட வேண்டும். ஒரு மார்கழியில் இந்த மலையில் இரவு முழுக்கப் படமெடுத்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் போனவுடனே பையைத் திறந்தேன். கீழே இருந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு லென்ஸ் உள்ளேயும் வியர்த்து, பிறகு பூஞ்சை பிடித்து, அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஆறு கல்யாணங்களுக்குப் படமெடுக்க வேண்டியதாயிற்று. பையில் கட்டிவிட்டால் ஈரம் பைக்கு வெளியேதான் படியும்; அறையின் சூட்டுக்குக் கேமரா வந்த பிறகு திறந்தால் போதும்.

பதினொரு படங்களில் ஒன்றிலும் நீ இல்லை. அடுத்த முறை டைமரை வைத்துவிட்டு முன்னால் போய் நில். ஷட்டர் திறந்திருக்கும்போது யாரையாவது டார்ச்சை உன் பக்கம் ஒரு கணம் மட்டும் காட்டி அணைக்கச் சொன்னால் முகம் பதியும். நான்கு நொடி அசையாதே, மூச்சையும் விடாதே. ஆவி முகத்தை மறைத்துவிடும். அம்மா பின்னி அனுப்பிய குல்லாயைப் போடுகிறாயா இல்லையா என்பதும் அதில் தெரிந்துவிடும் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா