கெல்லி கும்பல் வரலாற்றுத் தொடர் நிறைவு: நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு விக்டோரியாவில் 1878 முதல் 1880 வரை தலைமறைவாகத் திரிந்த கொள்ளையர் நெட் கெல்லியையும் அவருடைய கூட்டாளிகளையும் பற்றி நான் எழுதிவந்த தொடர் நிறைவு பெற்றுள்ளது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியே என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய நாளிதழ்களின் எழுத்துப் பிழைகளை வரிவரியாகத் திருத்தும் தன்னார்வலர்களுக்கு உரியது. மங்கிய அச்சைக் கணினி படிக்கும்போது ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் சிதைந்துவிடுகின்றன. முகமறியாத எவரோ பொறுமையாக உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்திராவிட்டால், 'லோனிகன்' என்று தேடிய எனக்கு, கெல்லி கும்பலிடம் உயிரிழந்த அந்தக் காவலரைப் பற்றிய பல செய்திகள் அகப்பட்டே இருக்கமாட்டா.

ஜெரில்டெரி கடிதத்தை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கும் விக்டோரிய மாநில நூலகத்துக்கும் நன்றி. 1879இல் கெல்லி சொல்லச் சொல்ல அவருடைய கூட்டாளி ஜோ பைர்ன் எழுதியதாகக் கருதப்படும் அக்கடிதம், ஏறத்தாழ 8,000 சொற்கள் கொண்டது; நிறுத்தற்குறிகளைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் கோபத்தோடு ஓடுவது. சிறு குடியானவர்கள் பட்ட பாட்டையும் காவல்துறையின் கெடுபிடியையும் அதில் படிக்கும் எவருடைய மனமும் கெல்லியின் பக்கம் சாயும். என் மனமும் சாய்ந்தது.

அந்நிலையில்தான், கைப்பிரதியைப் படித்துவந்த ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர், இறந்த காவலர்களின் பக்கமும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும் என்று அன்போடும் உறுதியோடும் வலியுறுத்தினார். 1878 அக்டோபர் 26 அன்று ஸ்டிரிங்கிபார்க் ஓடையருகே கொல்லப்பட்ட கென்னடி, ஸ்கேன்லன், லோனிகன் மூவரும் கெல்லியின் தந்தையைப் போலவே அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்களோடு சென்று உயிர் தப்பிய காவலர் மெக்கின்டயர், காட்டில் வோம்பாட் என்னும் விலங்கின் வளைக்குள் ஒளிந்துகொண்டு, நடந்ததைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். அவ்வதிகாரி சொல்லியிராவிட்டால் அந்த வளைக்குள் நான் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டேன். ஐயா, தொடரின் நான்காம் பகுதி உங்களுடையது.

மான்ஸ்ஃபீல்டு நகரில் அம்மூவருக்கும் எழுப்பப்பட்ட நினைவுத்தூணின் கல்வெட்டைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பிய மெல்பேர்ன் தமிழ் நண்பர்களுக்கும், கலப்பையின் மண் புரட்டும் தகடுகளை வளைத்துக் கவசமாக்குவது எப்படி என்று விளக்கிய கொல்லர் அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். சுமார் 44 கிலோ எடையுள்ள அக்கவசம் கெல்லியின் கால்களைக் காக்கவில்லை. 1880 ஜூன் 28 அன்று கிளென்ரோவனில் காவலர்களின் முற்றுகையில் அவர் வீழ்ந்து பிடிபட்டது கால்களில் குண்டு பாய்ந்துதான்.

கெல்லி வழக்கின் கோப்புகளைப் பேணிவரும் விக்டோரியப் பொது ஆவணக் காப்பகத்துக்கு என் வணக்கம். காவல்துறையின் நடத்தையை ஆராய 1881இல் அமர்ந்த அரச ஆணையத்தின் சாட்சியப் பதிவுகளும் எனக்குப் பெருந்துணையாக இருந்தன. கெல்லி கும்பல் தண்டவாளத்தைப் பெயர்த்திருந்ததால், சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக் காவலர்களின் ரயிலை நிறுத்திய பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோவைப் போன்றோரை, கெல்லியின் புகழுக்கு அடியில் மறைந்துபோகாமல் காத்தவை இத்தகைய ஏடுகளே.

இறுதியாக, கிளென்ரோவன் விடுதியை நடத்திய ஆன் ஜோன்ஸ் என்ன ஆனார் என்று விடாமல் கேட்ட வாசகர்களுக்கு நன்றி. முற்றுகையில் காவலர்களின் குண்டுக்குத் தம் மகன் ஜானைப் பறிகொடுத்து, விடுதியும் தீக்கிரையாகக் கண்ட அந்தத் தாயைப் பற்றிய பிற்சேர்க்கை, நீங்கள் கேட்டதால் எழுதப்பட்டது. அடுத்த மாதம் அது வெளிவரும்.

நன்றியுடன்,
தொடரின் ஆசிரியர்