தோற்பட்டிக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம்

ஆசிரியருக்கு,

பழைய இராணுவ அதிகாரிகளின் சாம் பிரவுண் பட்டி (தோளுக்குக் குறுக்கே வாருள்ள இடுப்புத் தோற்பட்டி), கைத்துப்பாக்கி உறை, வரைபடப் பை சேகரிப்போர் மாரி தொடங்குமுன் அவற்றை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. திருகோணமலைக் கடற்காற்று தோலைச் சும்மா விடாது.

கொளுக்கியைச் சுற்றி மெழுகுபோலப் பச்சையாகப் படிந்திருப்பது பூஞ்சணம் அல்ல. தோலின் கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. ஈர்க்கு நுனியால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பித்தளை பொலிஷ் பூசினால் வெள்ளைத்தூள் தையல் துளைகளில் இறுகிவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு.

சிலர் பாசத்தோடு தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். தோல் கறுக்கும், காறல் வாடை அடிக்கும், பூஞ்சணத்துக்கும் தீனி கிடைக்கும். தொட்டால் விரலில் செந்தூள் ஒட்டினால் தோலே சிதைகிறது என்று பொருள்; எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது. மடிக்காமல், பொலித்தீனில் கட்டாமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் சுருங்கி வெடிக்கும்.

பிரித்தானிய அரச உடைமையைக் காட்டும் அம்புக்குறி இல்லையென்பதற்காகப் போலியென ஒதுக்கவும் வேண்டாம். பிரித்தானிய அதிகாரிகள் பலர் இவற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள்.

தோற்பொருள் ஆர்வலர்கள்,
திருகோணமலை.